நின்ற வண்டியும் ஊர்ந்த வண்டியும்: பெங்களூரில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கும் வழிமுறை

அடுக்ககத்தின் அடித்தளத்தில் வாரக்கணக்கில் நிற்பதும், சில்க் போர்டு சந்திப்பிலும் வெளிவட்டச் சாலையிலும் மணிக்கணக்கில் ஊர்வதும்தான் பெங்களூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கு நேரும் பெரிய சோதனைகள். வேகமாக ஓட்டியதால் கெட்டுப்போன வண்டிகளை நான் இங்கே மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே சொல்லப்படும் எந்த அறிகுறி தென்பட்டாலும், பணிமனையை அழைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ளுங்கள். வண்டி கடைசியாக ஓடி எத்தனை நாளாயிற்று? அப்போது எஞ்சின் எண்ணெய் முழுதாகச் சூடேறும் அளவுக்கு ஓடியதா? இவ்விரண்டும் தெரிந்தால் பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

எடுத்துக்காட்டுகளில் போர்ஷே 911 அடிக்கடி வரும். எஞ்சின் பின்னால், ரேடியேட்டர்கள் முன் சக்கரங்களுக்கு முன்னால், பேட்டரி முன்பக்கச் சாமான் அறையில் என்ற அதன் அமைப்பு எனக்கு நன்கு பழகியது. மற்ற வண்டிகளுக்கும் காரணங்கள் இவையே. இடங்களும் எண்களும் மட்டும் உங்கள் கையேட்டின்படி மாறும்.

சாவியை அழுத்தினால் கதவு திறக்கவில்லை, அல்லது கதவு திறந்தும் எஞ்சின் சுழலவில்லை

பத்தில் ஒன்பது முறை இது பேட்டரிதான். பூட்டி நிறுத்திய பிறகும் அலாரம், சாவியைத் தேடும் ஏற்பி, தகவல் தொடர்புக் கருவி ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று வாரம் நின்றால், ஏற்கெனவே சற்றுத் தளர்ந்திருந்த பேட்டரி முற்றிலும் படுத்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குச் சென்று மூன்று வாரம் கழித்துத் திரும்பிய ஒரு முறை, என் வண்டி அடித்தளத்தில் கல்லைப் போல நின்றிருந்தது. முழுக் காரணமும் என் கவனக்குறைவே.

முதலில், சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியை உருவி, ஓட்டுநர் பக்கக் கதவைக் கையால் திறவுங்கள். பேட்டரியில் உயிர் மிச்சமிருந்தால் அலாரம் ஒலிக்கக்கூடும், அதற்குப் பதற வேண்டாம். அடுத்த சிக்கல் 911 போன்ற வண்டிகளுக்கே உரியது: பேட்டரி முன்பக்க மூடிக்கு அடியில் இருக்கிறது, அந்த மூடியோ மின்சாரத்தால்தான் திறக்கும். இதற்காகவே பல தலைமுறை 911-களில் காலடிப் பகுதியில் உள்ள ஃபியூஸ் பெட்டியில், வெளியே இழுக்கக்கூடிய நேர்மின் முனை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. வெளிப் பேட்டரியின் சிவப்புக் கம்பியை அதிலும், கறுப்புக் கம்பியைக் கதவுப் பூட்டு மாட்டிக்கொள்ளும் இரும்பு வளையத்திலும் இணைத்தால், மூடியைத் திறக்கப் போதுமான மின்சாரம் கிடைத்துவிடும். அந்த முனை மூடியைத் திறப்பதற்கு மட்டுமே. அதன் வழியாக எஞ்சினைக் கிளப்ப முயன்றால் ஃபியூஸும் கம்பிகளும் கருகும். மூடி திறந்த பின் கையேடு காட்டும் முனைகளில் ஜம்ப் ஸ்டார்ட் கம்பிகளைப் பொருத்துங்கள்.

வண்டி கிளம்பிய பின் ஒரு மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் நலமாக இருக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓர் இரவு விட்ட பிறகு ஈய அமில பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. 12.2 என்றால் பாதிதான் மிச்சம். மறுநாளும் அதே அளவில் விழுந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். நின்ற வண்டிக்கு நிரந்தரத் தீர்வு, மெல்ல ஏற்றித் தானே நிறுத்திக்கொள்ளும் பராமரிப்புச் சார்ஜர் ஒன்றே. அடுக்ககச் சங்கத்திடம் உங்கள் நிறுத்துமிடத்துக்கு ஒரு தனி மீட்டருடன் பிளக் கேளுங்கள். மின்சார வண்டிகளுக்காகக் கம்பி இழுக்கும் இக்காலத்தில் அது முன்பு போலக் கடினமன்று. உங்கள் வண்டியில் லித்தியம் பேட்டரி இருந்தால், அதற்கென அமைந்த சார்ஜரை மட்டுமே பயன்படுத்துங்கள்.

எஞ்சினைக் கிளப்பியதும் பின்னால் ஒரு கொத்துப் புகை

911-இன் ஆறு சிலிண்டர்களும் படுத்த நிலையில், பக்கத்துக்கு மூன்றாக அமைந்தவை. நிறுத்திய பின் சிறிது எண்ணெய் சிலிண்டருக்குள் தேங்கி, அடுத்த முறை கிளப்பும்போது எரியும். சில நொடிகளில் மறையும் இந்தப் புகை நோயன்று. சரிவில் நிறுத்திய வண்டியிலும் பல நாள் நின்ற வண்டியிலும் சற்றுக் கூடுதலாகவே வரும். ஒரு நிமிடம் கடந்தும் நீலப் புகை தொடர்ந்தாலோ, சூடான எஞ்சினிலும் வந்தாலோ, எண்ணெய் அளவு வழக்கத்தைவிட விரைவாகக் குறைந்தாலோ பணிமனைக்குச் செல்லுங்கள். புதிய 911-களில் எண்ணெய் பார்க்கும் குச்சி கிடையாது. சமதளத்தில், எஞ்சின் சூடாக இருக்கும்போது, திரையில் காட்டும் அளவையே பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் அவசரப்பட்டு எண்ணெய் ஊற்றி அளவை மிஞ்சவிடுவது, குறைவாக இருப்பதைப் போலவே கேடானது.

முதல் சில கிலோமீட்டருக்கு ஸ்டீயரிங்கில் தடதடப்பு

எப்போது தொடங்குகிறது, எப்போது அடங்குகிறது என்பதைக் கொண்டே இதைப் பிரித்துவிடலாம். கிளம்பியதும் வந்து, பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் டயர் சூடானதும் மறைந்தால், நின்ற இடத்தில் டயர் தட்டையாகிப் படிந்திருக்கிறது. நிறுத்தும் காலத்தில் காற்றைச் சற்றுக் கூட்டி வைப்பதும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வண்டியைச் சிறிது நகர்த்தி வைப்பதும் இதைத் தடுக்கும். அவ்வாறு கூட்டிய காற்றை, ஓட்டும் முன் மறக்காமல் குறைக்க வேண்டும்.

80 முதல் 100 கி.மீ. வேகத்தில் மட்டும் தொடர்ந்து அதிர்ந்தால் வீல் பேலன்சிங்கைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் அதிர்வு போகவில்லை என்றால் அலாய் வீல் வளைந்திருக்கும். 20, 21 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச் சுவர் மெல்லிய பட்டையாகவே இருப்பதால், மழைநீருக்கு அடியில் மறைந்த ஒரே ஒரு பள்ளம் போதும். பக்கச் சுவரில் கொப்புளம் போலப் புடைத்திருந்தால் உள்ளிழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயரில் வீடு வரைகூடச் செல்லாமல் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால், காரணம் டிஸ்க்கில் சமமின்றிப் படிந்த பிரேக் பேடின் பொருளாகவோ, டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் இடையில் சேர்ந்த துருவாகவோ இருக்கும்.

அதிர்வில்லாமல் வண்டி ஒரு மாதிரி மிதப்பது போலத் தோன்றினால் காற்றழுத்தத்தைப் பாருங்கள். பெட்ரோல் பங்க்கில் காற்றடிப்பவர் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணை வைத்துவிடுவதுதான் நான் அதிகம் கண்ட காரணம். எஞ்சினைப் பின்னால் சுமக்கும் வண்டிக்குப் பின் டயர்களில் கூடுதல் அழுத்தம் வேண்டும். விடியற்காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, உங்கள் சொந்த அளவியால் பாருங்கள். பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே அளந்து வைத்த டயர், கடல் மட்டத்துச் சென்னையில் அதே வெப்பநிலையில் அளவியில் ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைவாகக் காட்டும். அங்குள்ள வெயில் அதை மீண்டும் ஏற்றிவிடும் என்பதால், நண்பகலில் படித்த எண்ணை நம்பி எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நின்றே கழியும் வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன் முதுமை அடைந்துவிடும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மேற்பரப்பின் வரிப்பள்ளங்கள் அழியாமல் புதிது போலத் தெரிந்தாலும், ஆறு ஆண்டைத் தாண்டிய டயரில் நான் நெடுஞ்சாலைக்குச் செல்வதில்லை.

வேகத்தடையில் அடிவயிறு உரசுகிறது

இந்திய சாலைப் பேராயத்தின் ஐ.ஆர்.சி. 99 வரையறையின்படி வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டு, 25 கி.மீ. வேகத்தில் கடக்கத்தக்கதாக இருக்க வேண்டும். குடியிருப்புத் தெருக்களில் குடியிருப்போரே எழுப்பிய தடைகள் இதே உயரத்தைக் கால்பங்கு அகலத்தில் எழுப்பிவிடுகின்றன. தொல்லை உயரத்தில் இல்லை, அந்தச் செங்குத்தான ஏற்றத்தில்தான் இருக்கிறது. முன்னச்சு உயர்த்தி உள்ள 911-இல் பொத்தானை அழுத்தினால் மூக்கு ஏறத்தாழ 40 மி.மீ. உயரும், வேகம் ஏறத்தாழ 35 கி.மீ.யைத் தாண்டினால் இறங்கிவிடும். புதிய வண்டிகளில் உயர்த்திய இடத்தைச் செயற்கைக்கோள் இடங்காட்டி வழியே நினைவில் வைத்து, அடுத்த முறை தானே உயர்த்திக்கொள்ளும் வசதியும் உண்டு. தினமும் கடக்கும் தடைகளையும் அடித்தளச் சரிவின் உச்சியையும் அதில் பதிந்துகொள்ளுங்கள். உயர்த்தி இல்லாத வண்டியை, எதிரில் ஆள் வராத நேரம் பார்த்து, சற்றுச் சாய்கோணத்தில் ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும்.

உரசிய பிறகு ஓட்டும்போது அடியில் படபடவென்று சத்தம் வந்தால், பெரும்பாலும் பிளாஸ்டிக் அடித்தட்டின் திருகுகளோ கிளிப்புகளோ பிடுங்கப்பட்டிருக்கும். சிறிய செலவுதான், ஆனால் தொங்கும் தட்டு நெடுஞ்சாலைக் காற்றில் முழுதாகக் கிழிந்து சக்கரத்தில் சிக்கக்கூடும் என்பதால் அன்றே கட்டிவிடுங்கள். சத்தம் இரும்பு இரும்பை இழுப்பது போல இருந்தாலோ, நிறுத்திய இடத்தில் எண்ணெய்ச் சொட்டு இருந்தாலோ ஓட்டாதீர்கள்.

சொட்டு என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் அடுக்ககக் காவலாளி தருமபுரிக்காரர். ஒரு மே மாத மாலையில் ஓடி வந்து, "சார், உங்க வண்டிக்குக் கீழே தண்ணி ஒழுகுது" என்றார். ஏசி ஓடிய வண்டியிலிருந்து தெளிந்த, மணமற்ற தண்ணீர் சொட்டுவது இயல்பு என்று அவருக்கு விளக்கினேன். ஆயினும் அவர் சொன்னதற்காக மனமார நன்றி கூறினேன். ஒரு வெள்ளைக் காகிதத்தை அடியில் வைத்துப் பாருங்கள்: நிறமற்றது ஏசித் தண்ணீர், நிறமும் இனிப்பு வாடையும் உள்ளது எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட், பழுப்பும் வழவழப்பும் எண்ணெய், சக்கரத்தின் உட்புறத்தில் இளமஞ்சள் திரவம் தெரிந்தால் பிரேக் திரவம். கடைசியாகச் சொன்னது இருந்தால் வண்டியை ஓரடிகூட நகர்த்தக் கூடாது.

நெரிசலில் வெப்பமுள் ஏறுகிறது, அல்லது கருகிய வாடை வருகிறது

இவ்விரண்டும் வேறு வேறு. வெப்பம் ஏறினால் முதலில் ஏசியை நிறுத்தி, ஓரம்கட்டி, விசிறி ஓடும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். ஓசை இல்லை என்றால் விசிறியோ அதன் மின்தடையமோ (ரெசிஸ்டர்) பழுது. விசிறி ஓடியும் வெப்பம் ஏறினால், முன் முட்டுத்தட்டின் (பம்பர்) இரு பக்கத் திறப்புகளுக்குள் கைவிளக்கடித்துப் பாருங்கள். நம் சாலைகளின் சருகும் பாலித்தீன் பையும் தூசும் அங்கே மெத்தை போல அடைந்து காற்றை மறிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை முட்டுத்தட்டைக் கழற்றி ரேடியேட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான சர்வீஸ் பட்டியலில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. சூடான எஞ்சினில் கூலன்ட் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் பீறிடும். எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி சில நிமிடம் சுழல்வது இயல்பு.

கருகிய வாடைக்குக் காரணம் பெரும்பாலும் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி. பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்து, அங்குலம் அங்குலமாக வண்டியை நகரவிடும்போதெல்லாம் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்கிக்கொண்டிருக்கிறது. ஹெப்பால் மேம்பாலத்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பின்வாங்காமல் நிறுத்தி வைப்பவர்கள் அதையே இன்னும் கடுமையாகச் செய்கிறார்கள். முன்வண்டிக்கும் நமக்கும் இடையில் ஒரு வண்டி நீளம் சேரும் வரை பிரேக்கை முழுதாக மிதித்து நில்லுங்கள். பின் தெளிவாக நகர்ந்து, மீண்டும் முழுதாக நில்லுங்கள். அந்த இடைவெளிக்குள் இரு சக்கர வண்டிகள் நுழைந்துகொள்வது உண்மைதான். ஒரு கிளட்ச் தொகுதியின் விலையை எண்ணிப் பார்த்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வாடை வந்த பின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தால், நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் கியரில் குலுங்குவது தொடர்ந்தால் கியர்பெட்டித் திரவமும் மென்பொருள் சீரமைப்பும் பார்க்கப்பட வேண்டும்.

பிரேக் கீச்சிடுகிறது

மழையில் நின்ற மறுநாள் டிஸ்க்கின் மேல் படியும் செம்பழுப்புத் துரு நான்கைந்து முறை மிதித்ததும் போய்விடும். கழுவிய ஈரத்தோடு கைபிரேக் போட்டு நிறுத்தினால், மறுநாள் நகரும்போது "டக்" என்று ஒட்டு விடும் ஓசை கேட்கும். கழுவியதும் ஐந்து நிமிடம் ஓட்டி ஈரத்தை உலர்த்திவிட்டால் அதுவும் இராது. நகரத்தில் எப்போதும் மென்மையாகவே மிதிப்பதால் பேடின் மேற்பரப்பு கண்ணாடி போல வழுவழுப்பாகி ஓயாமல் கீச்சிடுவதும் உண்டு. இதற்கு மருந்து, வெறிச்சோடிய நல்ல சாலையில், பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 80-இலிருந்து 20 வரை சில முறை அழுத்தமாக வேகம் குறைப்பதே. மிதி மெத்தென்று இறங்கினால் திரவம் ஈரம் குடித்துவிட்டது அல்லது காற்று புகுந்திருக்கிறது. ஓடிய தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அத்திரவத்தை மாற்றியே ஆக வேண்டும்.

பெட்ரோல் போட்ட பிறகு எஞ்சின் விளக்கு எரிகிறது

விளக்கு நிலையாக எரிகிறதா, மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் சிலிண்டர் ஒன்று சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும், ஆகவே உடனே நிறுத்துங்கள். நிலையாக எரிந்தால் பெட்ரோல் மூடியை இறுக்கிவிட்டு, மெதுவாக ஓட்டிச் சென்று பிழைக் குறியீட்டைப் படிக்கச் செய்யுங்கள். கையேடு 98 ஆக்டேன் கேட்டால் பவர் 99, எக்ஸ்பி 100 போன்றவற்றையே போடுங்கள். குறைந்த ஆக்டேனை வண்டி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளிச் சமாளிக்கும், ஆனால் அதன் சுறுசுறுப்பை இழந்தே சமாளிக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் என்பதால், மூடியின் உட்புறத்தில் எந்த அளவு எத்தனாலுக்கு ஒப்புதல் அச்சிடப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் நிற்கப் போகும் வண்டியில் பழைய பெட்ரோலைத் தேங்கவிடாதீர்கள்.

பெட்ரோல் போடாமலேயே, நின்ற இடத்தில் ஒரே நேரத்தில் நான்கைந்து விளக்குகள் எரிந்தால் பெருச்சாளியைச் சந்தேகியுங்கள். எஞ்சின் அறையில் எச்சமும் கடித்த கம்பியும் தென்படும். கடித்த கம்பியை நாடா சுற்றி ஒட்டவைப்பது மழைக்காலம் வரைதான் தாங்கும்.

பெயின்ட்டில் கறையும் வெண்புள்ளியும்

வட்ட வட்டமான வெண்புள்ளிகள் போர்வெல் தண்ணீரின் உப்பு. காவிரித் தண்ணீரால் கழுவுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, குடிநீரால் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று பெங்களூர்க் குடிநீர் வாரியம் ஆணையிட்டதும் நினைவிருக்கிறது. எந்தத் தண்ணீராயினும் நிழலில் கழுவி, காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்தால் புள்ளி விழாது. வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் சோப்பு நீர், மற்றதில் துணியை அலசும் நீர். தூசு படிந்த வண்டியின் மேல் உறை போடுவது, உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

நீளவாக்கில் வழிந்து கெட்டிப்பட்ட சாம்பல் நிறக் கோடு, அடித்தளக் கூரையின் கான்கிரீட்டிலிருந்து கசிந்த சுண்ணாம்பு நீர். இதைச் சுரண்டாதீர்கள். பாதிக்குப் பாதி நீர் கலந்த வினிகரைத் துணியில் நனைத்துச் சிறிது நேரம் ஒட்டவைத்து, கரைந்ததும் நிறைய நீரால் கழுவுங்கள். பிறகு நிறுத்துமிடத்தையே மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

ஆயுத பூஜை முடிந்து மூன்று நாள் கழித்துப் பானெட்டில் தெரியும் மஞ்சள் கறை சந்தனத்திலும் குங்குமத்திலும் உள்ள மஞ்சளால் வந்தது. மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். கழுவிவிட்டுச் சில நாள் காலை வெயிலில் நிறுத்தினால் பெரும்பாலும் மறைந்துவிடும். எங்கள் வீட்டில் பொட்டைக் கண்ணாடியில் வைக்கிறோம், மாலையைக் கம்பியின்றி நூலால் மட்டும் கட்டுகிறோம். பூஜைக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

ஏசியில் பூஞ்சை வாடை, காலடிக் கம்பளத்தில் ஈரம்

ஏப்ரலில் புங்கமரத்தடியில் நிறுத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும். பொரி சிதறியது போல உதிரும் அந்தப் பூக்கள் முன்கண்ணாடியின் அடியில் உள்ள வடிகால்களை அடைத்துவிடும். அடுத்து வரும் கோடை மழை உள்ளே தேங்கி, மின்னணுப் பெட்டிகளை எட்டும். கையால் பூவை அள்ளி எடுத்து, ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று பாருங்கள். வடிகால் திறந்திருந்தும் வாடை நீடித்தால் ஏசி வடிகட்டியை மாற்றுங்கள்.

எந்த விளக்கும் எரியவில்லை, ஆனால் வண்டி மந்தமாக இருக்கிறது

இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், டர்போ இல்லாத எஞ்சின் கடல் மட்டத்தில் தருவதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவாகவே தரும். 911-இன் டர்போ இல்லாத ரகமான ஜிடி3 வைத்திருப்பவர் இதைப் பழுதென்று எண்ண வேண்டாம். டர்போ எஞ்சின் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்துகொள்ளும். அதையும் தாண்டிய மந்தம் பெரும்பாலும் குறுகிய ஓட்டங்களால் வருவது. பத்து நிமிடம் ஓடி நிற்கும் எஞ்சினில் எண்ணெயில் சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாக நேரமே இராது.

ஞாயிறு விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிளம்புங்கள். நந்தி மலைப் பாதையில் விடுமுறை நாளில் நெரிசல் மிகுதி என்பதால், நான் பெரும்பாலும் மைசூர் விரைவுச்சாலையில் செல்கிறேன். அங்கே வேக வரம்பு 100 கி.மீ., அதற்குள்ளேயே இந்த வண்டியின் இன்பம் முழுதும் கிடைக்கிறது. எண்ணெய் வெப்பம் 80 பாகையைத் தாண்டும் வரை எஞ்சினை உயர் சுழற்சிக்கு விரட்டாதீர்கள். அதன் பிறகு கியரைக் கையால் மாற்றி, நுழைவுப் பாதையிலிருந்து இணையும்போது ஒருமுறை மேல்சுழற்சி வரை முழு மனத்தோடு ஏற்றுங்கள். முதுகுக்குப் பின்னால் அந்த ஆறு சிலிண்டர்கள் குரல் மாறி எழும் நொடிக்காகத்தானே இத்தனைப் பராமரிப்பும்! ராமநகரத்துப் பாறைக் குன்றுகள் மேல் வெளிச்சம் விழும்போது ஒரு காப்பி குடித்துவிட்டு, நகரம் விழிக்கும் முன் திரும்பிவிடலாம். கடைசி சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி எஞ்சினை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் டயர்களைக் கையால் தடவிப் பார்த்து, சார்ஜரை மாட்டி, தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் எண்ணெய் அளவையும் குறிப்பேட்டில் எழுதி, அதைக் கையுறைப் பெட்டியில் கையேட்டோடு வைத்துவிடுங்கள்.